லோடு ஏற்றினால் விழும் முள்

"லோடு ஏத்துனா முள்ளு விழுந்துருது மாப்ள. எறக்கிட்டு வந்தா தானா எந்திரிச்சிக்குது."

என் தாய்மாமா தன் பிக்கப் வண்டியின் வேகம் காட்டும் முள்ளைப் பற்றி இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியனிடம் சொன்னார், இன்னொரு கடையில் சொன்னார், என்னிடமும் சொன்னார். "லோடுக்கும் கிலோமீட்டர் முள்ளுக்கும் என்னண்ணே சம்பந்தம், அது பாட்டுக்குப் போயி வருதுண்ணே" என்றுதான் எலக்ட்ரீஷியன் பதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மாதம், இரண்டு சென்சார், ஒரு வயரிங் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் மாமா சொன்ன அந்த ஒரு வரியில் பழுது முழுவதும் இருந்தது புரிந்தது. பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதே மாதிரி அலைகிறார்கள் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி 2010 மாடல் டீசல் பிக்கப். மாமா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றி வாரம் மூன்று நடை மூணாறு போவார். பழனி, உடுமலை, அங்கிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர் வழியாக மலைப்பாதை. போகும்போது தக்காளி, முருங்கைக்காய், வெங்காயம் என்று ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், மலையில் முழுக்க ஏற்றம். வரும்போது காலிப் பெட்டிகள் மட்டும், மலையில் முழுக்க இறக்கம். இந்தப் போக்குவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேகம் காட்டும் முள் ஓடாவிட்டால் என்ன, மாமாவுக்குத்தான் இருபத்தைந்து வருட அனுபவம் இருக்கிறதே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் முள் விழும்போதெல்லாம் கூடவே கிலோமீட்டர் எண்ணும் நின்றுவிடுகிறது. வாடகை கிலோமீட்டர் கணக்கு. டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பதும் அந்தக் கணக்கு. ஆயில் மாற்றுவதும் அதை வைத்துத்தான். மாமா டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார், ஒவ்வொரு நடைக்கும் புறப்படும் எண், வந்து சேர்ந்த எண், டீசல், டோல் என்று வரிசையாக இருக்கும். போய்வர 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே ஆகிற நடைக்கு அந்த நோட்டில் 220, 235, 210 என்று எழுதியிருந்தது. வியாபாரியிடம் "மீட்டர் ஓடலைங்க" என்று சொல்லி வாடகை வாங்க வேண்டிய நிலைமை. அது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றுகிறோம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் அவருக்கு. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு காட்ட வேண்டும், அதற்கும் மீட்டர் ஓட வேண்டும்.

சரி, இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பழுதைத் தேட முடியாது.

பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டர் போர்டுக்கு வரும். உள்ளே ஒரு முறுக்குக் கம்பி சுற்றும், அதன் முனையில் இருக்கும் காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்துக்குள் சுழலும், அந்தச் சுழற்சி கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதை இழுக்கும், கிண்ணத்தோடு சேர்ந்த முள் ஒரு சுருள் வில்லை எதிர்த்துத் திரும்பும். ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை வாங்கிய முறை இது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு உலகத்து வண்டிகளில் பெரும்பாலானவை இதிலேயே ஓடின. கேபிள் அறுந்தால் புதுக் கேபிள், முள் ஆடினால் கேபிளுக்குக் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

மாமா வண்டியில் கேபிள் கிடையாது. கேபிள் திருகியிருக்க வேண்டிய அதே இடத்தில், கியர்பாக்ஸின் பின்பக்கம், கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பினியன் (சிறு பல்சக்கரம்) ஒன்று வண்டி ஓட ஓடச் சுற்றும், அதோடு சேர்ந்து ஒரு சிறிய காந்தமும் சுற்றும். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹால் சில்லு உணர்ந்து ஒரு துடிப்பைக் கொடுக்கும். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவு இது, காந்தப்புலத்தில் இருக்கும் கடத்தியின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பது. சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் 12 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சென்சார் தானாக எந்த வோல்ட்டையும் மீட்டருக்கு அனுப்புவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்னல் வயரில் மீட்டர் போர்டே ஒரு வோல்ட்டை வைத்திருக்கும், சென்சார் அதை எர்த்துக்கு இழுத்து விடும், மறுபடி விட்டுவிடும். இழுப்பதும் விடுவதும்தான் துடிப்பு. போர்டு அதை எண்ணி முள்ளைத் திருப்புகிறது, கிலோமீட்டரையும் கூட்டுகிறது. ஆக, எர்த் போனால் சென்சார் நன்றாக இருந்தாலும் இழுக்க இடமில்லை. இந்த ஒரு வாக்கியம் முதல் நாளே என் மண்டையில் உறைத்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது கடைகளில் நடந்தது. முதல் கடையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வண்டிக்கு அடியில் போய், சென்சாரை வயரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் மாட்டி, முனையைச் சென்சார் கப்ளரின் சப்ளை முனையில் வைத்தார். லேம்ப் எரிந்தது. "கரண்டு வருது, சென்சார்தான் போச்சு." புதுச் சென்சார் 850 ரூபாய். மாற்றினார், ஓட்டிப் பார்த்தார்கள், முள் ஓடியது. இரண்டு நடை நன்றாக ஓடியது. மூன்றாவது நடையில் பழனி தாண்டி உடுமலை வரைக்கும் அவ்வப்போது துடித்த முள், மலை ஏறத் தொடங்கியதும் படுத்துவிட்டது. "டூப்ளிகேட் சென்சார் வந்துருச்சு போலண்ணே" என்று அவர் இன்னொன்று மாட்டினார், அதற்குப் பாதிப் பணம்தான் வாங்கினார், நல்ல மனிதர்தான். அதுவும் அதே கதை. இரண்டாவது கடையில், சென்சாரின் சிக்னல் வயரில் கிளை எடுத்திருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஜாயிண்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அதேதான். "மீட்டர் போர்டே மாத்திருங்க, 9,500 ஆகும்" என்றார்கள். அன்றைக்கு ராத்திரிதான் மாமா எனக்குப் போன் செய்தார்.

நான் இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். பழுது பார்க்கிறவன், வண்டி வேலை என் தொழில் இல்லை. ஆனால் மூன்று வயரும் ஒரு துடிப்பும் எனக்குத் தெரிந்த விஷயம். மீட்டர் போர்டை மாற்ற வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். போர்டு மாற்றினால் பணம் மட்டும் போகாது, இத்தனை வருடம் ஓடிய கிலோமீட்டர் எண்ணும் கணக்கிலிருந்து போய்விடும். வண்டியை விற்கும் நாளில் அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது.

போர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. முள் விழும்போது கிலோமீட்டர் எண்ணும் நிற்கிறதா என்று மாமாவிடம் கேட்டேன், இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கிறது என்றார். அதாவது முள்ளைத் திருப்பும் சின்ன மோட்டாரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, மோட்டார் போயிருந்தால் முள் மட்டும் படுத்திருக்கும், எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டீசல் முள், சூட்டு முள் எல்லாம் நிலையாக இருந்தனவா என்றால் இருந்தன. போர்டுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரி. மீதி இருப்பது ஒன்றுதான், துடிப்பு போர்டு வரைக்கும் வந்து சேரவில்லை.

இதை உறுதி செய்ய வீட்டில் கிடந்த 555 ஐ.சி. ஒன்றில் ஒரு சிறு துடிப்புச் சுற்று செய்து எடுத்துப் போயிருந்தேன். 1972இல் சந்தைக்கு வந்த சில்லு, இன்றைக்கும் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் வெளியீட்டை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்தால், சென்சார் செய்வதைப் போலவே சிக்னல் வயரை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடும். எத்தனை துடிப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானியத் தர முறையில் வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மீட்டர் தண்டு நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால் கிலோமீட்டருக்கு 637 சுற்று. சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு, நொடிக்குச் சுமார் 42. மாமா வண்டியும் இந்தக் கணக்கிலா என்று தெரியாது, முயன்று பார்க்கலாம் என்று கப்ளரைக் கழற்றி 42 ஹெர்ட்ஸ் கொடுத்தேன். வண்டி மார்க்கெட் ஓரத்தில் அசையாமல் நிற்கிறது, முள் மெதுவாக எழுந்து 60க்குப் பக்கத்தில் நின்றது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த போர்டை ஒரு தடவு தடவினார். இரண்டு நிமிடம் அப்படியே விட்டோம், எண் இரண்டு கூடியது. வண்டி ஓடாமல் கூடிய அந்த 2 கிலோமீட்டரையும் மாமா நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டார்.

போர்டு நல்ல போர்டு. கப்ளரிலிருந்து போர்டு வரைக்கும் சிக்னல் வயரும் நல்லது, இடையில் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஜாயிண்டும் நல்லது. இந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதி 118இல் 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சரக்கு வண்டிகளில் 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் கருவி கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டியில் அதைப் பொருத்துகிறவர்கள் வேகத்தை அறிய இந்தச் சென்சாரின் சிக்னல் வயரிலிருந்தே கிளை எடுப்பது வழக்கம். டேஷ்போர்டுக்கு அடியில் வயரை உரித்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று இருக்கும், வெயிலில் டேப்பின் பசை இளகி உருவிக்கொள்ளும், செம்பு பச்சை பூக்கும். பழைய வண்டியில் முள் படுத்தால் அங்கேயும் கண்டிப்பாகப் பாருங்கள். எங்கள் வண்டியில் பழுது அங்கே இல்லை என்பது மட்டும்தான்.

அடுத்தது சென்சார். முன் சக்கரங்களுக்கும் தரையில் இருக்கும் பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டோம். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் அதைப் போட்டுக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, கல்லை நம்பித்தான் செய்ய வேண்டும், ஆகவே சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். சப்ளைக்கும் சிக்னலுக்கும் நடுவே ஒரு எல்.இ.டி.யையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் மாட்டினேன். சாவியைப் போட்டு மாமா சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற, நான் மின்னுவதை எண்ணினேன். 20 சுற்றுக்கு 55 மின்னல். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ளும், டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.18 மீட்டர், 20 சுற்று என்பது வண்டி சுமார் 21.8 மீட்டர் நகர்ந்ததற்குச் சமம். கிலோமீட்டருக்கு 2,548 என்ற கணக்கில் 55 அல்லது 56 வர வேண்டும். வந்துவிட்டது. சென்சாரும் நல்ல சென்சார், பினியனும் பல் போகாத பினியன்.

ஓம் மீட்டரை வைத்து ஹால் சென்சாரைச் சோதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றும் தெரியாது. இரண்டு வயர் மட்டும் உள்ள காயில் வகைச் சென்சாருக்குத்தான் ஓம் பார்ப்பது சரி. மூன்று வயர்ச் சென்சாருக்குச் சப்ளை கொடுத்து, சுற்றி, துடிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, போர்டு நல்லது, வயர் நல்லது, சென்சார் நல்லது, ஆனாலும் மூணாறு போனால் முள் விழுகிறது. மத்தியானம் ஆகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மாமா மறுபடியும் அதையேதான் சொன்னார். "நான்தான் மொதல்லருந்தே சொல்றேனே மாப்ள, லோடு இருந்தாத்தான் விழுது." இந்த முறை நான் காதில் வாங்கிக்கொண்டேன். எப்போது விழுகிறது என்று துருவித் துருவிக் கேட்டேன். ஏற்றத்திலா, சமதளத்திலா? ஏற்றத்தில்தான் அதிகம். எந்த கியரில்? இரண்டிலும் மூன்றிலும். ஆக்சிலேட்டரை விட்டால்? கொஞ்சம் யோசித்தார். "கொண்டை ஊசி வளைவுல காலை எடுக்கறப்ப லேசா துடிக்கும். திருப்பி மிதிச்சா போயிரும்."

இது போதும் எனக்கு. ஆனால் அப்போதும் அவசரப்படக் கூடாது. லோடு ஏறினால் வண்டியில் இரண்டு மாற்றம் நடக்கிறது. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கி வண்டி பின்பக்கம் தாழ்கிறது. இன்னொன்று, இழுக்கும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இன்ஜின் ஒரு பக்கம் திருப்பினால், அதே அளவு விசை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எதிர்ப்பக்கம் சாய்க்கும், அதைத் தாங்கத்தான் மவுண்டிங் ரப்பர்கள் இருக்கின்றன. கியர் குறையக் குறைய ஷாஃப்டில் இறங்கும் முறுக்கு பெருகும், சாய்வும் பெருகும். காலி வண்டியை மார்க்கெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் இதில் கால்வாசி கூட நடக்காது. கடைக்காரர்கள் எல்லாரும் காலி வண்டியைத்தான் ஓட்டிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மறுநாள் நடைக்கான லோடு ஏறியது. ஏற்றிய வண்டி நிற்கும்போது கப்ளரில் அளந்தேன், சப்ளைக்கும் சென்சாரின் எர்த் முனைக்கும் நடுவே 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. ஆக வெறும் பாரம் காரணம் இல்லை. கப்ளரின் பின்புறம் வயர் நுழையும் இடத்தில் குண்டூசி செருகி, அதிலிருந்து இரண்டு நீள வயரைச் சூடான சைலன்சரிலும் ஷாஃப்டிலும் படாமல் கட்டிக் கேபினுக்குள் கொண்டுவந்து மல்டிமீட்டரில் மாட்டினேன். மாமா ஓட்ட, நான் மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். மூணாறு வரைக்கும் போக வேண்டியதில்லை, ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே வடகாடு, பாச்சலூர் பக்கம் நல்ல மலை ஏற்றம் இருக்கிறது.

சமதளத்தில் 13.9 வோல்ட். முள் 40இல். ஏற்றம் தொடங்கியது, மாமா இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தார். முள் பொத்தென்று விழுந்தது, அதே நொடியில் மல்டிமீட்டரில் 13.9 போய் 0.2 வந்தது. காலை எடுக்கச் சொன்னேன். 13.9. மிதிக்கச் சொன்னேன். 0.2. நாலைந்து தடவை செய்தோம். முள்ளும் மல்டிமீட்டர் எண்ணும் ஒன்றையொன்று பார்த்து நடிப்பது போல ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. மூன்று மாதமாக "போயி வருது" என்று சொல்லப்பட்ட பழுது இப்போது என் கையில் நினைத்த நேரம் வந்து போனது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எந்தப் பழுதையும் வேண்டும்போது வரவழைக்க முடிந்துவிட்டால் அது பாதி சரியான மாதிரி.

சப்ளை போகிறதா எர்த் போகிறதா? ஓரமாக நிறுத்தி ஒரு வயரைச் சப்ளை முனையிலிருந்து எடுத்துச் சேஸிஸில் கட்டினேன். இப்போது மல்டிமீட்டர் சென்சாரின் எர்த் முனைக்கும் வண்டியின் உண்மையான எர்த்துக்கும் நடுவே இருக்கிறது, இங்கே எப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஏற்றத்தில் மிதித்ததும் 0.02இலிருந்து 11க்கு மேல் தாவியது. எர்த் வயர் அறுந்திருக்கிறது. சப்ளை அப்படியே இருக்கிறது, போகிற வழி மட்டும் இல்லை.

முதல் கடையில் டெஸ்ட் லேம்ப் ஏன் எரிந்தது என்பது இங்கே தெளிவாகிவிட்டது. கிளிப் சேஸிஸில் மாட்டியிருந்தது. லேம்புக்குச் சேஸிஸ் எர்த் கிடைத்தது, சென்சாருக்குக் கிடைக்காத எர்த். அந்தக் கிளிப்பைச் சேஸிஸுக்குப் பதில் கப்ளரின் எர்த் முனையிலேயே கொடுத்திருந்தால், வயர் அறுந்து நிற்கும் நேரத்தில் லேம்ப் எரிந்திருக்காது. அதுவும் காலி வண்டியாக நிற்கும்போது எரிந்துதான் இருக்கும், அது வேறு விஷயம். புதுச் சென்சார் மாற்றியதும் இரண்டு நடை ஓடியதற்கும் இதுவே காரணம். மாற்றும்போது கப்ளரைப் பிடித்து இழுத்துத் திருப்பியதில் உள்ளே அறுந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன. அந்த இரண்டு நடை எல்லாரையும் தப்பான பக்கம் அனுப்பிவிட்டது.

லோடை இறக்கிவிட்டு வந்த மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்தேன். இன்ஜினை அணைத்து, சாவி மட்டும் போட்டு, மல்டிமீட்டரை எர்த் வயரில் வைத்து, ஒரு நீளக் கம்பியால் கியர்பாக்ஸை லேசாக நெம்பினேன். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, கிளட்சை விட்டுச் சாய்த்துப் பார்ப்பதும் உண்டு. அப்படிச் செய்யும்போது யாரும் அடியிலோ முன்னாலோ இருக்கவே கூடாது. நெம்பியதும் மல்டிமீட்டரில் எண் தாவியது. வயர் கட்டைத் தடவிக்கொண்டே வந்தால், கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குத் தாவும் இடத்தில் கிராஸ் மெம்பரோடு (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) ஒரு கேபிள் டை போட்டு இறுக்கக் கட்டியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள், பழைய கிளிப் உடைந்திருக்கும், கையில் இருந்த டையைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தத் தாவலில் வயருக்குத் தளர்வு வேண்டும். தளர்வு இல்லாமல் ஒவ்வொரு கியருக்கும் கியர்பாக்ஸ் சாயச் சாய வயர் இழுபட்டு, மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. அந்த இடத்தில் வயரை மடித்துப் பார்த்தால் மற்ற இடத்தைவிடத் துவண்டது. தோலை உரித்தால் ஒரு இழை கூட முழுசாக இல்லை, முனைகள் கறுத்துப் போயிருந்தன. கண்ணால் பார்த்தோ சும்மா நிற்கும்போது ஓம் அளந்தோ இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. சென்சார் எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான், இழைகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டும்.

மூன்று வயரையும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதிய வயர் வைத்தேன். எர்த் மட்டும்தானே போயிற்று என்று மற்ற இரண்டையும் விடுவது சரியில்லை, அவையும் அதே இழுப்பை வாங்கியவைதான். சால்டர் வைத்த இடங்கள் அசையாத பகுதியில், சேஸிஸ் பக்கமாக வரும்படி பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் ஈயம் ஏறிய வயர் விறைத்துக்கொள்ளும், அசைகிற இடத்தில் இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். ஸ்லீவ் போட்டு, தாவும் இடத்தில் ஒரு வளைவு தளர்வாக விட்டு, ரப்பர் வைத்த கிளிப்பில் பிடித்தேன். செலவு 120 ரூபாய்க்குள். அடுத்த வாரமே மாமா கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரையும் மாற்றினார், அது அமுங்கிக் கடினமாகிப் பிளந்திருந்தது. சாய்வு அளவுக்கு மேல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே மாதிரி முள் கோளாறோடு வருகிறவர்களுக்காக இன்னும் சில. இண்டிகேட்டர் போட்டாலோ ஹெட்லைட் போட்டாலோ எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் சென்சாரைத் தொடாதீர்கள், மீட்டர் போர்டின் எர்த்தைப் பாருங்கள். கிலோமீட்டர் எண் ஒழுங்காக ஓட முள் மட்டும் படுத்திருந்தால் போர்டுக்குள் இருக்கும் முள் மோட்டார் அல்லது அதன் சால்டர். வண்டி நிற்கும்போதே, இன்ஜின் ஓடினால் மட்டும் முள் எழுந்து ஆடினால் ஏதோ ஓர் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுகிறது, எர்த் தளர்வு, ஆல்டர்னேட்டர், புதிதாக மாட்டிய மலிவு சார்ஜர் என்று தேடலாம். வேகம் ஏற ஏற முள் பின்தங்கித் துடித்தால் பினியன் பல்லைக் கழற்றிப் பாருங்கள். முள் நிலையாக நிற்கிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது என்றால் டயர் அளவு மாறியிருக்கலாம். 195/80 ஆர்15 இருந்த இடத்தில் 225/75 ஆர்15 போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 3.7 சதவீதம் கூடும், முள் அந்த அளவு குறைத்துக் காட்டும், வேகமும் கிலோமீட்டரும் இரண்டுமே.

சரிசெய்த பிறகு செல்போனில் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மீட்டர் 60 காட்டும்போது போனில் 57. மாமா கவலைப்பட்டார். கவலை வேண்டாம், மீட்டர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்யப்படுகின்றன. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 39இன்படி முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவு வரை காட்டலாம். உண்மையில் 60 போகிற வண்டியின் முள் 70 வரைக்கும் காட்ட இடமுண்டு. நம்முடையது நெருக்கமாகவே காட்டுகிறது.

கழற்றிப் போட்ட முதல் சென்சாரையும் இரண்டாவதையும் மாமா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 12 வோல்ட் கொடுத்து எல்.இ.டி. மாட்டித் தண்டை விரலால் சுற்றினேன், இரண்டும் சுற்றுக்கு நாலு முறை சுத்தமாக மின்னின. வண்டியோடு வந்த அந்த முதல் சென்சாரையே திரும்ப மாட்டச் சொன்னார். மாட்டினேன். மற்ற இரண்டும் நெகிழிப் பையில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் நோட்டுக்குக் கீழே கிடக்கின்றன.

அந்த வார மூணாறு நடை முடிந்து வந்ததும் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். போனது 153, வந்தது 153. அதற்குக் கீழே, வேறு பேனாவில், போன நடைகளில் குறைத்து எழுதப்பட்ட கிலோமீட்டரையெல்லாம் கூட்டி ஓரமாக எழுதி வைத்திருக்கிறார், அடுத்த ஆயில் மாற்றுக்குச் சேர்த்துக்கொள்ள.